கியூட்டெக்ஸ் போத்தலும் டோர்வல் வாசலும்

சென்ற இதழில், குளிர் தொடங்க முன்னர் ஜன்னலுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டுவது பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்த லசால் சகோதரி ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஜன்னலை விடுங்கோ. தை மாதம் கலியாணத்துக்கு இந்தியா போறம். பெண்பிள்ளையளின்ர கியூட்டெக்ஸ் சாமானை எந்தப் பெட்டிக்குள்ள வைக்கிறது எண்டு ஒருக்கா எழுதுங்கோ. ஆளுக்கொரு கதை சொல்லுதுகள்" என்றார். கேட்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வெட்கமும் வந்தது. ஏனென்றால் இந்த விடயத்தில் நாங்கள் நல்ல காசு கொடுத்துப் படித்தவர்கள். அந்தக் கதையையும் சேர்த்தே இம்முறை எழுதுகிறோம்.

முதலில் பெயர். கியூட்டெக்ஸ் என்பது உண்மையில் ஒரு கம்பனியின் பெயர். அமெரிக்காவில் 1911 இல் நக ஓரத்துத் தோலை அகற்றும் மருந்தாகத் தொடங்கி, பிறகு நகத்துக்குப் பூசும் சாயத்துக்கு வந்தது. எங்கள் ஊரில் எந்தக் கம்பனி செய்தாலும் நகப்பூச்சு என்றால் கியூட்டெக்ஸ்தான். இங்கே மருந்துக்கடையில் போய்க் கியூட்டெக்ஸ் என்று கேட்டால் சாயத்தைக் காட்டாமல் அழிக்கிற தண்ணிப் போத்தலைத்தான் எடுத்துத் தருவார்கள். கியூபெக்கில் சாயப் போத்தலில் 'வெர்னி' என்றும் அழிக்கிறதில் 'டிசொல்வான்' என்றும் எழுதியிருக்கும். இந்த இரண்டாவது சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கம் எல்லாம் அதில்தான்.

சென்ற வருடம் ஆவணியில் எங்கள் தங்கச்சிக்குக் கலியாணம். கலியாணம் சென்னையில், வடபழனியில். யாழ்ப்பாணத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஏன் சென்னையில் கலியாணம் என்று இந்தப் பத்திரிகை வாசிக்கும் எவரும் கேட்க மாட்டீர்கள். எங்கள் கையில் இருப்பது அகதிகளுக்கான பயண ஆவணம். எந்த நாட்டை விட்டு ஓடி வந்தோமோ அந்த நாட்டுக்கு அது செல்லாது. 2012 டிசம்பரில் சட்டம் மாறிய பிறகு, குடியுரிமை எடுக்காத ஒருவர் ஊருக்குப் போய்வந்தால் இங்குள்ள வதிவுரிமைக்கே ஆபத்து வரலாம். ஆகவே அம்மாவும் தங்கச்சியும் பலாலியில் ஏறிச் சென்னைக்கு வருவது, நாங்கள் டோர்வலில் ஏறிச் சென்னைக்குப் போவது என்று முடிவானது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு முகத்துக்கு முகம் பார்க்கப் போகிறோம்.

தங்கச்சி மணப்பெண் அலங்காரம் பழகியவள். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்துச் சின்னதாகச் செய்கிறாள். அவள் வட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் நகை இல்லை, சேலை இல்லை. பன்னிரண்டு நிறத்தில் கியூட்டெக்ஸ், அடியில் பூசுவது ஒன்று, மேலே பூசுவது ஒன்று, அழிக்கிற தண்ணி, நகம் காயவைக்கும் லைற் ஒன்று. "அக்கா, எனக்கு நகை வேண்டாம். இது இருந்தா என்ர கை உழைக்கும்" என்று கீழே எழுதியிருந்தாள். இரண்டு சனிக்கிழமை ஓவர்டைம் காசு போனது. சந்தோஷமாகத்தான் போனது.

இதில் ஒரு வேடிக்கை. நாங்கள் வேலை செய்வது உணவுச் சாமான் பக்கற் பண்ணும் பக்டரியில். லைனில் நிற்கிற பெண்கள் எவரும் நகத்துக்குப் பூச முடியாது. பூச்சு உதிர்ந்து சாப்பாட்டுக்குள் விழும் என்பதால் கையுறை போட்டிருந்தாலும் தடை. மோதிரமும் கூடாது. எட்டு வருடமாக வெறும் நகம். கடையில் அந்தப் பன்னிரண்டு போத்தலையும் தெரிவு செய்யும்போது கடைக்காரப் பிள்ளை எங்கள் கையைப் பார்த்துவிட்டு, "யாருக்குப் பரிசு?" என்று கேட்டது.

ஆனால் அந்தப் பக்டரிதான் எங்களுக்கு ஒரு நல்ல பாடமும் சொல்லித் தந்தது. வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் 'சிம்டூ' வகுப்பு என்று ஒன்று வைப்பார்கள். வேலையிடத்து இரசாயனங்களின் அடையாளங்களைப் படிப்பிப்பது. 1988 இலிருந்து கனடா முழுவதும் இருக்கிறது. சிவப்புக் கரை போட்ட சரிந்த சதுரம், நடுவில் கறுப்பு நெருப்புச் சுவாலை. அது இருந்தால் அந்தச் சாமான் எரியும், சூட்டுக்கும் பொறிக்கும் கிட்ட வைக்காதே என்று பொருள். கடையில் விற்கும் கியூட்டெக்ஸ் போத்தலில் அந்தச் சதுரம் பெரும்பாலும் இருக்காது. அழகுசாதனப் பொருட்களுக்குச் சட்டம் வேறு. உள்ளே இருக்கும் சரக்கு என்னவோ அதே சரக்குத்தான்.

சாயப் போத்தலுக்குள் இருப்பது நைத்ரோசெலுலோஸ் என்ற பசை. பழைய காலத்துச் சினிமாப் பிலிமும் காருக்கு அடித்த பழைய பெயின்ற்றும் இந்தக் குடும்பம்தான். அதைக் கரைத்து வைத்திருக்கும் தண்ணிகளும் எரியக் கூடியவை. நகத்தில் பூசியதும் அந்தத் தண்ணி பறந்து போக, பசை காய்ந்து பளபளக்கும். மூக்கில் ஏறும் மணம் அந்தப் பறக்கிற தண்ணியுடையது. அழிக்கிற போத்தலில் பெரும்பாலும் அசற்றோன். அது பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். அதாவது மொன்றியல் தை மாதத்து வெளி வாசலில் வைத்தாலும் அதற்குக் கிட்ட நெருப்புக்குச்சி தட்டக் கூடாது. 'அசற்றோன் இல்லை' என்று எழுதி விற்பதும் எரியும். அதில் வேறு கரைப்பான் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே விமானக்காரர் இதைப் பற்றிக் கவலைப்படுவது சும்மா அல்ல. ஆனால் தடை செய்யவும் இல்லை. அளவு போட்டிருக்கிறார்கள். அந்த அளவைத்தான் எங்கள் ஆட்கள் மாறி மாறிச் சொல்கிறார்கள்.

கையோடு கொண்டுபோகும் பைக்கு: ஒவ்வொரு போத்தலும் 100 மில்லிலீற்றர் அல்லது அதற்குக் குறைவு. எல்லாப் போத்தலும் ஒரு லீற்றர் கொள்ளக்கூடிய, மூடித் திறக்கும், உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் பை ஒன்றுக்குள் அடங்க வேண்டும். ஆளுக்கு ஒரு பைதான். சாதாரண கியூட்டெக்ஸ் போத்தல் 15 மில்லிலீற்றர் அளவில் இருக்கும். ஆகவே பன்னிரண்டு போத்தல் தாராளமாகப் போகும். ஆனால் அதே பைக்குள்தான் பற்பசை, முகத்துக்குப் பூசும் கிறீம், சென்ற், தலைக்கு வைக்கும் நல்லெண்ணெய் எல்லாம் அடங்க வேண்டும். பற்பசையும் திரவமா என்று கேட்டு அங்கே நின்று வாதாட வேண்டாம். பிதுக்கினால் வருவது எல்லாம் அவர்களுக்குத் திரவம்.

இனி எங்கள் கதை. டோர்வல் எயார்போட். 2004 தை முதலாம் திகதியிலிருந்து அதற்கு முன்னாள் பிரதமர் ட்ரூடோவின் பெயர். ஆனால் எங்கள் ஆட்களின் வாயில் இன்றைக்கும் டோர்வல்தான். முன்னர் வந்த எங்கள் அண்ணன்மார் பலர் மிராபெலில் வந்து இறங்கியவர்கள். வெளிநாட்டு விமானங்கள் 1997 இல் டோர்வலுக்குத் திரும்பின. 2004 உடன் மிராபெலில் பயணிகள் விமானமே நின்றுபோனது. இன்றைக்கு எல்லா அழுகையும் எல்லாச் சிரிப்பும் டோர்வல் வாசலில்தான். அன்றைக்கு எங்களை ஏற்றிவிட அத்தான், மச்சாள், அவர்களின் இரண்டு பிள்ளைகள் என்று ஒரு வான் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள்.

பன்னிரண்டு போத்தலையும் ஒழுங்காகப் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தோம். பெட்டிக்குள் போட்டால் உடைந்துவிடும் என்ற பயம். ஆனால் மகளின் நகத்தில் பாதி உதிர்ந்து கிடந்த சாயத்தை இறங்குமுன் அழித்துவிடலாம் என்று, வீட்டில் பாவித்துக்கொண்டிருந்த 'டிசொல்வான்' போத்தலையும் கைப்பைக்குள் செருகிவிட்டோம். 200 மில்லிலீற்றர் போத்தல். உள்ளே கால்வாசி கூட இல்லை. எங்கள் கணக்கில் 50 மில்லிலீற்றர்தான். அவர்கள் கணக்கு வேறு. போத்தலில் எத்தனை என்று அச்சடித்திருக்கிறதோ அதுதான் கணக்கு. அடியில் ஒரு சொட்டு இருந்தாலும் 200 தான்.

எக்ஸ்ரேயில் பை நின்றது. சீருடை போட்ட பெண் ஒருத்தி எங்களைத் தள்ளிக் கூப்பிட்டு, பையைத் திறந்து, அந்தப் போத்தலைத் தூக்கிக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். குரல் மரியாதையான குரல்தான். ஆனால் சீருடையும் மேசையும் திறந்த பையும் சேர்ந்ததும் எங்களுக்குக் காது அடைத்துவிட்டது. 2005 இல் அம்மாவுடன் கொழும்புக்குப் போனபோது முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி ஏறியது ஞாபகம். அப்போது அம்மா சொல்லித் தந்த புத்தி ஒன்று. "அவை கேக்க முதல் எல்லாத்தையும் கொட்டிக் காட்டிப்போடு. கேள்வி கேக்க விடாதை." பதினைந்து வயதில் கற்றது கைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. "வி, வி" என்று தலையை ஆட்டிக்கொண்டு அந்தப் போத்தலையும், கூடவே பன்னிரண்டு கியூட்டெக்ஸ் இருந்த பையையும் நாங்களாகவே தூக்கிப் பக்கத்தில் இருந்த தொட்டிக்குள் போட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அந்தப் பெண் பின்னால் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

விமானம் மேலே ஏறி, சாப்பாடும் வந்த பிறகு மகள் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயது, பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். "அம்மா, அந்த மடம் பெரிய போத்தல் ஒண்டைத்தான் கேட்டவ. மற்றது ஓகே எண்டு சொன்னவ. அதையும் வெளியில அத்தான் மாமாட்டக் குடுக்கலாம் எண்டும் சொன்னவ. நீங்கள்தான் எல்லாத்தையும் எறிஞ்சனீங்கள்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டோம். "உங்கட முகத்தைப் பார்த்தா அழப்போற மாதிரி இருந்தது" என்றாள்.

நூற்றிருபது டொலர் சாமான். காசு ஒரு பக்கம். தங்கச்சிக்கு என்ன சொல்வது என்று அத்திலாந்திக் முழுக்க யோசித்துக்கொண்டே போனோம்.

இதை எழுதுவது, இன்னொருவர் அப்படி எறியாமல் இருக்க. சோதனையில் ஒரு சாமான் கூடாது என்றால் எறிவது ஒன்றுதான் வழி என்றில்லை. நேரம் இருந்தால் வெளியே திரும்பிப் போய், ஏற்றிவிட வந்தவரிடம் கொடுத்துவிட்டு மறுபடி வரிசையில் வரலாம். அல்லது விமானக் கம்பனிக் கவுண்டரில் அந்தப் பையையே பெட்டியாகப் போடக் கேட்கலாம். சிலவேளை அதற்குக் காசு கேட்பார்கள். ஆகவே ஏற்றிவிட வந்தவர்களை, நீங்கள் சோதனை தாண்டிவிட்டோம் என்று ரெலிபோன் எடுக்கும்வரை நிற்கச் சொல்லுங்கள். பிரெஞ்சு விளங்காவிட்டால் ஆங்கிலத்தில் கேளுங்கள். இரண்டும் விளங்காவிட்டால் பிள்ளையைக் கேளுங்கள். பிள்ளையைக் கேட்பது வெட்கம் அல்ல.

இந்த 100 மில்லிலீற்றர் எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. 2006 ஆகஸ்ட் 10 ஆம் திகதி லண்டனில் சிலரைப் பிடித்தார்கள். குளிர்பானப் போத்தலுக்குள் வெடிக்கும் திரவத்தை அடைத்து, ஹீத்ரோவில் இருந்து புறப்படும் விமானங்களை நடு வானில் வெடிக்க வைப்பது அவர்களின் திட்டம். ஒருவரிடம் இருந்த கணினித் துண்டில் ஏழு விமானங்களின் விபரம் இருந்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. ஐந்து அமெரிக்காவுக்கு. ஒன்று ரொறன்ரோவுக்கு. மற்றது மொன்றியலுக்கு. ஆம், எங்கள் டோர்வலுக்கு வரும் விமானம். மூவர் குற்றவாளிகள் என்று 2009 செப்ரெம்பரில் தீர்ப்பானது. பிடித்த அன்றைக்கே தண்ணி, ஷாம்பூ, கியூட்டெக்ஸ் எதுவும் கைப்பையில் கூடாது என்று நிறுத்தினார்கள். லண்டனில் குழந்தைப் பாலைத் தாயே குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. பிறகு செப்ரெம்பர் கடைசியில் 100 மில்லிலீற்றர், ஒரு லீற்றர்ப் பை என்று தளர்த்தினார்கள். அதுதான் இன்றுவரை இங்கே நடக்கிறது. இப்போது சில நாட்டு எயார்போட்டுகளில் புது எக்ஸ்ரே வந்து இந்த விதி தளர்ந்திருக்கிறது. அங்கே விட்டார்கள் என்று இங்கேயும் விடுவார்கள் என எண்ண வேண்டாம். விமானம் மாறும் இடத்திலும் மறுபடி சோதனை இருக்கும். அந்த நாட்டு விதிதான் அங்கே.

எங்களுக்கு அந்தத் திகதி வேறு விதமாகவும் ஞாபகம். அதற்கு அடுத்த நாள், ஆகஸ்ட் 11, முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 பாதை மூடப்பட்டது. ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். சவர்க்காரத்துக்கும் சீனிக்கும் வரிசை. உலகம் எல்லாம் போத்தலை எறிந்துகொண்டிருந்த அந்தக் கிழமைகளில், நாங்கள் வெறும் ஷாம்பூப் போத்தலுக்குள் தண்ணி விட்டுக் கலக்கித் தலையில் வார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, பெட்டிக்கு வருவோம். ஏற்றும் பெட்டிக்குள் 100 மில்லிலீற்றர் சட்டம் இல்லை. அங்கே வேறு கணக்கு. கியூட்டெக்ஸ், அழிக்கிற தண்ணி, சென்ற், தலைக்கு அடிக்கும் ஸ்பிறே போன்ற அழகுசாதனங்களில் ஒரு போத்தல் அரை லீற்றரைத் தாண்டக் கூடாது. ஒருவருக்கு எல்லாம் சேர்ந்து இரண்டு லீற்றர் அல்லது இரண்டு கிலோ. கைப்பையில் இருப்பதும் இந்த இரண்டு லீற்றருக்குள் அடங்கும். எங்கள் 200 மில்லிலீற்றர் போத்தலைப் பெட்டிக்குள் போட்டிருந்தால் எவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆனால் கவனியுங்கள், இது அழகுசாதனமாக விற்கும் போத்தலுக்கு மட்டும். இரும்புக்கடையில் விற்கும் அசற்றோன் ரின், பெயின்ற் தின்னர் இவை கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. பார்லர் வைத்திருக்கும் சொந்தக்காரருக்கு மலிவு என்று ஒரு லீற்றர் ரின்னைப் பெட்டிக்குள் சுருட்டி வைப்பவர்கள் எங்களுக்குள் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். அந்தப் பெட்டியின் மேல்தட்டில் உட்கார்ந்திருப்பது யார்? உங்கள் பிள்ளைதானே. ஒட்டு நகம் கட்டுவதற்கு வரும் மணக்கிற திரவம் ஒன்றும் உண்டு. அதுவும் எரியும். அதை வாங்குமுன் விமானக் கம்பனியிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கசிவு பற்றி. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலை மேல் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள். நுவரெலியா ஆறாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேல். ஆகவே டோர்வலில் இறுக மூடிய போத்தல் நுவரெலியாவிலும் அதற்கு மேலேயும் போய் ஏழெட்டு மணித்தியாலம் இருக்கிறது. போத்தலுக்குள் மிஞ்சியிருக்கும் காற்று விரிந்து தண்ணியை மூடிப் பக்கம் தள்ளும். பாதி பாவித்த போத்தல்தான் கூடுதலாகக் கசியும், அதற்குள் காற்று கூட. பிளாஸ்ரிக் போத்தல் என்றால் மூடுமுன் கொஞ்சம் நசித்துக் காற்றை வெளியே விட்டு மூடுங்கள். கழுத்துக்கு ரேப் சுற்றுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொலித்தீன் பையில் கட்டி, அதைச் சாரம் அல்லது துவாயில் சுற்றி, பெட்டியின் நடுவில், நிமிர்த்தி வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பெட்டி எறிபடும்போது கண்ணாடி உடையும்.

அழிக்கிற தண்ணியை எதற்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பது இன்னும் முக்கியம். அது சாயத்தை மட்டும் அழிப்பதில்லை. எங்களுடன் லைனில் நிற்கும் அக்கா ஒருவர் மகளின் சாமத்தியச் சடங்குக்கு இந்தியா போனபோது போத்தலைக் கவரிங் நகைப் பெட்டிக்கு மேல் வைத்திருக்கிறார். போய்த் திறந்து பார்த்தால் நெத்திச்சுட்டியின் கல்லெல்லாம் கழன்று, பூச்சுப் போய், பிளாஸ்ரிக் பெட்டி உருகி அதோடு ஒட்டிக் கிடந்ததாம். மூக்குக்கண்ணாடிச் சட்டம், சில்க் மாதிரிப் பளபளக்கும் சில உள் துணி, செல்போன் உறை எல்லாவற்றையும் அது தின்னும். சாதாரணப் பொலித்தீன் பையைத் தின்னாது. ஆகவே பை தாராளமாகப் பாவியுங்கள்.

மற்றவை சுருக்கமாக. நகவெட்டி, நகம் தேய்க்கும் அரம் இவை கைப்பையில் போகலாம். 2001 செப்ரெம்பர் 11 க்குப் பிறகு கொஞ்சக் காலம் பல எயார்போட்டுகளில் நகவெட்டியையும் பறித்தார்கள். அந்தக் கதை இன்னும் உலாவுகிறது. சின்னக் கத்தரிக்கோல் கனடாவில் வெட்டும் பக்கம் 6 சென்ரிமீற்றருக்கு உட்பட்டால் விடுவார்கள். ஆனால் வேறு நாட்டில் மாறி ஏறுகிறீர்கள் என்றால் பெட்டிக்குள் போடுவதே நிம்மதி. தனி பிளேட் கைப்பையில் வேண்டவே வேண்டாம். நகம் காயவைக்கும் லைற் சுவரில் செருகுவது என்றால் எங்கும் வைக்கலாம். சார்ஜ் பண்ணும் பற்றரி உள்ளதைக் கைப்பையில் வைப்பது நல்லது. தனியாக இருக்கும் லித்தியம் பற்றரியும் பவர் பாங்கும் கட்டாயம் கைப்பையில்தான், பெட்டிக்குள் கூடாது. குழந்தைப் பவுடர் பெரிய ரின் என்றால் அதைப் பெட்டிக்குள் போடுங்கள். விமானத்துக்குள் கியூட்டெக்ஸைத் திறக்க வேண்டாம். மூடிய இடம், மணம் எல்லோரின் தலையிலும் ஏறும். பிள்ளையின் நகத்தை வீட்டிலேயே அழித்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

இனிப் பார்சல் கதை. இதை எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதியே பிரயோசனம் இல்லை. நாங்கள் பயணம் போகிறோம் என்று கோயிலில் ஒருவரிடம் சொன்னால் போதும், அடுத்த நாள் ஆறு பேர் கதவடியில். "ஒரு சின்னப் பார்சல்தான் அக்கா, அங்க ஆள் வந்து வாங்கும்." ரேப் சுற்றி, பெயர் எழுதி, கனமாக இருக்கும். மறுக்க முடியாது. நாளைக்கு நாங்களும் கொடுக்க வேண்டியவர்கள். ஆனால் கவுண்டரில் "இந்தப் பெட்டியை நீங்கள்தான் கட்டினீர்களா?" என்று கேட்கும்போது ஆம் என்று சொல்வது நாங்கள். உள்ளே இருப்பது கட்டிக் கொடுத்தவருக்குத்தான் தெரியும்.

1985 ஜூன் மாதம் ஏர் இந்தியா விமானம் ஒன்று ரொறன்ரோவில் இருந்து மிராபெலுக்கு வந்து, அங்கிருந்து லண்டனுக்குக் கிளம்பி, அயர்லாந்துக்குக் கிட்டக் கடலில் விழுந்தது. 329 பேர். வன்கூவரில் ஏற்றிய ஒரு பெட்டிக்குள் குண்டு. அந்தப் பெட்டிக்குரிய ஆள் விமானத்தில் ஏறவே இல்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன குடும்பங்கள், எங்களைப் போலப் பெட்டி கட்டியவர்கள். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் சும்மா கேட்பதில்லை.

ஆகவே இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பார்சல் கொண்டு வருபவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, அவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்து, அவர் கையாலேயே திரும்பக் கட்டச் சொல்கிறோம். ஒருவர் கோபித்துக்கொண்டு எடுத்துப் போனார். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. இன்னொருவர் பிரித்தபோது உள்ளே பிள்ளைப் பாவாடைக்குள் ஒரு லீற்றர் அசற்றோன் ரின் இருந்தது. அவருக்கே தெரியாது, அவரிடம் வேறொருவர் கொடுத்தது. இரண்டு பேரும் ரின்னைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

சென்னையில் இறங்கி வடபழனி அறைக்குப் போனதும் தங்கச்சி பெட்டியைத் திறந்தாள். லைற் பத்திரமாக இருந்தது. கியூட்டெக்ஸ் எங்கே என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னோம். ஏசுவாள் என்று பார்த்தால், அம்மாவின் பக்கம் திரும்பி, "அம்மா, உங்கட புத்திமதி கனடா வரைக்கும் போயிருக்கு" என்றாள். அம்மா பதில் சொல்லவில்லை. எழும்பிப் போய்த் தன் பையைத் திறந்து ஒன்றும் தேடாமல் திரும்ப மூடினார்.

அடுத்த நாள் ரங்கநாதன் தெருவில் ஏறி இறங்கிப் பத்துப் போத்தல் வாங்கினோம். கனடா விலையில் கால்வாசி கூட இல்லை. நிறமும் எங்கள் பிள்ளைகளின் கைக்கு அதுதான் எடுப்பு. தெரிந்திருந்தால் மொன்றியலில் வாங்கியே இருக்க மாட்டோம். சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள் இதையும் யோசியுங்கள். நல்ல லைற் இங்கே வாங்கலாம், சாயம் அங்கே வாங்கலாம்.

கலியாணத்துக்கு முதல் நாள் இரவு மருதோன்றி வைத்து முடிந்த பிறகு, தங்கச்சி எங்கள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்தாள். "கைக்குப் பூசினால் திங்கக்கிழமை லைன் லீடர் வீட்டுக்கு அனுப்பிப்போடும்" என்றோம். "அதாலதான் காலுக்கு" என்றாள். கொண்டுபோன லைற்றில் முதலில் காய்ந்தது எங்கள் பத்து விரலும்தான். அந்த வகைப் பூச்சு லேசில் போகாது. கால் நகம் வளர்வதும் மெதுவாகத்தான். ஆவணியில் பூசியது மாசி மாதம் வரைக்கும் நுனியில் கிடந்தது. பனிக்காலம் முழுக்க இரும்பு வைத்த சப்பாத்துக்குள் அந்தச் சிவப்போடுதான் லைனில் நின்றோம். ஒருவருக்கும் தெரியாது.